புட்டியில் அடைத்த நம்பிக்கை

டவுன் சிண்ட்ரோம், தலசீமியா போன்ற மரபணுக் கோளாறுகளுடன் பிறக்கும் குழந்தைகளின் உடலில் ஆக்ஸிஜனே வில்லனாகிறது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆன்டி-ஆக்ஸிடென்ட் மாத்திரைகள் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி.

வைட்டமின் ஈ, வைட்டமின் சி, துத்தநாகம், செலினியம், கோ-என்ஸைம் க்யூ10, பச்சைத் தேயிலைச் சாறு. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தையின் பெற்றோர், முதல் பிறந்தநாள் வருவதற்குள் இவற்றில் பாதியையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். உறவினர் ஒருவர் சொல்வார். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒரு புட்டி கொண்டுவந்து தருவார். சில சமயம் மருத்துவரே சீட்டில் எழுதிவிடுவார். கொடுத்தால் பலன் கிடைக்கலாம், கிடைக்காவிட்டாலும் கெடுதல் இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம்.

இந்தச் சமாதானத்தின் இரண்டு பாதிகளும் ஆராயப்பட வேண்டியவை. முதல் பாதி கடந்த 40 ஆண்டுகளில் பலமுறை பரிசோதிக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது பாதி, சில குழந்தைகளின் விஷயத்தில், ஆபத்தான அளவுக்குத் தவறு.

பாதிக்கப்படுபவர்களின் எண்ணிக்கை சிறியதல்ல. உலகெங்கும் ஏறக்குறைய 800 முதல் 1,000 குழந்தைகளுக்கு ஒன்று டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கிறது. ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் இந்தியாவில், அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு ஆண்டும் இப்படிப் பிறக்கும் குழந்தைகள் 20,000க்கும் அதிகம். கடுமையான தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 10,000 என்று மதிப்பிடப்படுகிறது. மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களிடையே பரவலாகக் காணப்படும் சிக்கிள் செல் ரத்தசோகை தனிக் கணக்கு. காரணங்கள் வேறு வேறு. ஆனால் இந்தக் குழந்தைகளின் செல்களுக்குள் எட்டிப் பார்த்தால், எல்லா இடத்திலும் ஒரே ரசாயனக் கலவரம் கண்ணில் படுகிறது. மருத்துவர்கள் இதை ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள். தமிழில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்.

மூச்சுக்குக் கொடுக்கும் விலை

இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும் வெட்டி வைத்த ஆப்பிளைக் கறுக்க வைப்பதும் ஆக்ஸிஜன்தான். அதே ஆக்ஸிஜனைக் கொண்டுதான் நம் செல்கள் உணவை எரித்துச் சக்தி எடுக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பில் இந்த வேலை நடக்கும்போது, சிறிதளவு ஆக்ஸிஜன் முழுதாக எரியாமல் தப்பி, வெறிபிடித்த மூலக்கூறாக வெளியே வருகிறது. இதுவே ஃப்ரீ ராடிக்கல். ஒரு எலெக்ட்ரானைத் தேடி அலையும் இந்த மூலக்கூறு, வழியில் கிடைக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதன் மீதும் பாயும். முதுமைக்கே இந்தச் சேதம்தான் காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹம் ஹார்மன் 1956இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்.

உடலும் சும்மா இருப்பதில்லை. ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் 1969இல் அதன் முதல் காவலாளியை அடையாளம் கண்டார்கள். சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மூட்டேஸ் என்ற இந்த என்ஸைம், சுருக்கமாக எஸ்.ஓ.டி., ஆபத்தான சூப்பர்ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. காயம் கழுவவும் தலைமுடிக்கு நிறம் மாற்றவும் பயன்படும் அதே பெராக்ஸைடு. அதுவும் செல்லுக்குள் தங்கக் கூடாத சரக்கு என்பதால், கேட்டலேஸ், குளூட்டாதியோன் பெராக்ஸிடேஸ் என்ற மற்ற இரு காவலாளிகள் அதைத் தண்ணீராக்கி முடிக்கின்றன. தொடர் ஓட்டப் பந்தயம் மாதிரிதான். முதல் ஆள் வேகமாக ஓடி வந்தாலும், கோலை வாங்க அடுத்த ஆள் தயாராக இல்லாவிட்டால் பயனில்லை.

டவுன் சிண்ட்ரோமில் நடப்பது இதுதான்.

மூன்றாவது பிரதி

பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866இல் விவரித்த இந்த நிலைக்குக் காரணம் என்ன என்பது 93 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த்த கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் 1959இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குழந்தைகளின் செல்களில் 21ஆம் எண் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதைக் காட்டியது. 1970களில் இன்னொரு தகவல் சேர்ந்தது. எஸ்.ஓ.டி. என்ஸைமைத் தயாரிக்கும் ஜீன் அதே 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஜீன் மூன்று பிரதி இருப்பதால் என்ஸைமும் ஒன்றரை மடங்கு உற்பத்தியாகிறது.

காவலாளி அதிகம் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பெராக்ஸைடைத் தண்ணீராக்கும் கேட்டலேஸின் ஜீன் 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. குளூட்டாதியோன் பெராக்ஸிடேஸின் முக்கிய ஜீன் 3ஆம் குரோமோசோமில். அவற்றுக்கு மூன்றாவது பிரதி கிடையாது. எனவே முதல் கட்டத்தில் உற்பத்தியாகும் பெராக்ஸைடு அடுத்த கட்டத்தில் தேங்குகிறது. பக்கத்தில் கொஞ்சம் இரும்பு இருந்துவிட்டால் போதும், அது ஹைட்ராக்ஸில் என்ற, இருப்பதிலேயே மூர்க்கமான ராடிக்கலாக மாறிவிடும்.

இந்த விளக்கத்தின் கவர்ச்சி அதன் எளிமைதான். ஒரு ஜீன், ஒரு என்ஸைம், ஒரு விஷம். அப்படியானால் ஒரு மாற்று மருந்தும் இருக்க வேண்டும் அல்லவா? 1995இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஹோர்ஹே புஸ்சிலியோவும் புரூஸ் யாங்க்னரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த ஆவலுக்கு எண்ணெய் வார்த்தது. டவுன் சிண்ட்ரோம் கொண்ட கருவின் மூளை நியூரான்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தபோது அவை ஃப்ரீ ராடிக்கல்களால் சீக்கிரமே மடிந்தன. ஆன்டி-ஆக்ஸிடென்ட்களைச் சேர்த்தபோது பிழைத்தன.

கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து குழந்தையின் தட்டுக்கு வர அதிக காலம் ஆகவில்லை.

முன்பே ஓடிய படம்

உண்மையில் இந்தப் படம் ஏற்கனவே ஒருமுறை ஓடி முடிந்திருந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி டர்க்கல் என்ற மருத்துவர் 1940களிலேயே வைட்டமின்கள், தாதுக்கள், ஹார்மோன்கள் எல்லாவற்றையும் கலந்து 'யு சீரீஸ்' என்ற பெயரில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். 1981இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த ரூத் ஹாரெலும் சகாக்களும் 16 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், அதிக அளவு வைட்டமின்களும் தாதுக்களும் ஐ.க்யூ.வை உயர்த்தியதாக அறிவித்தபோது பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்த சில ஆண்டுகளில் வேறு குழுக்கள் அதே சோதனையைக் கூடுதல் கட்டுப்பாடுகளுடன் திரும்பச் செய்தன. பலன் திரும்ப வரவில்லை.

1990களின் நடுவில் இரண்டாவது அலை எழுந்தது. இந்த முறை எஸ்.ஓ.டி. கோட்பாடு கையில் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வைட்டமின், அமினோ அமிலக் கலவைகளின் புகழ் பாடின. கூடவே பைராசெட்டம் என்ற, மூளையைக் கூர்மையாக்கும் என்று சொல்லப்பட்ட மருந்தும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான பெற்றோர் பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதும் எளிதல்ல. குழந்தையின் மூளை வளரும் ஆண்டுகள் திரும்ப வராது. விஞ்ஞானம் தீர்ப்பு சொல்லும்போது குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும்.

தீர்ப்பு வந்தது

பைராசெட்டத்துக்கான தீர்ப்பு 2001இல் டொரொன்டோவிலிருந்து வந்தது. 25 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அறிவுத்திறனில் முன்னேற்றம் எதுவும் இல்லை. சில குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் படபடப்பும்தான் கூடியிருந்தன.

ஆன்டி-ஆக்ஸிடென்ட்களுக்கான முக்கியத் தீர்ப்பு 2008இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. இங்கிலாந்தில் ஏழு மாதத்துக்கும் குறைந்த வயதுடைய 156 டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு செலினியம், துத்தநாகம், வைட்டமின் ஏ, ஈ, சி. இன்னொரு பிரிவுக்கு ஃபோலினிக் அமிலம். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவது பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் பொடி. எந்தக் குழந்தைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. ஒன்றரை ஆண்டு கழித்து குழந்தைகளின் வளர்ச்சியையும் பேச்சையும் அளந்து பார்த்தார்கள். நான்கு பிரிவுகளுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

பெரியவர்களிடமும் கதை இதேதான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்ஸைமர் நோய் இளவயதிலேயே வருவது வழக்கம். இந்த நோயோடு தொடர்புள்ள அமிலாய்டு புரதத்தின் ஜீனும் 21ஆம் குரோமோசோமில் இருப்பதே காரணம். ஞாபக மறதி தொடங்கிய 53 பேருக்கு இரண்டு ஆண்டுகள் வைட்டமின் ஈ, சி, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011இல் வெளியானது. அவற்றால் மறதியின் வேகம் குறையவில்லை.

ஓர் இழை நம்பிக்கை மட்டும் இன்னும் அறுபடவில்லை. பச்சைத் தேயிலையில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள், 21ஆம் குரோமோசோமின் இன்னொரு ஜீனான டி.ஒய்.ஆர்.கே.1ஏ-வின் வேலையை மட்டுப்படுத்துகிறது. ஸ்பெயினில் இளைஞர்களிடம் இதை அறிவுப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2016இல் சில சோதனைகளில் மட்டும் சிறிய முன்னேற்றத்தைக் காட்டியது. பிறகு குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் மருந்து பாதுகாப்பானதாகத் தெரிந்தது. தெளிவான பலன் தெரியவில்லை. ஆக, கடையில் வாங்கிக் கொடுக்கும் நிலைக்கு அதுவும் வரவில்லை.

ஏன் பலிக்கவில்லை?

கோட்பாடு சரியாக இருந்தும் மருந்து தோற்றதற்குக் காரணங்கள் பல. முதலாவது, நேரம். டவுன் சிண்ட்ரோம் குழந்தையின் மூளையில் நியூரான்களின் எண்ணிக்கை கருவிலேயே குறைந்துவிடுகிறது. பிறந்தபின் கொடுக்கும் வைட்டமின் கட்டி முடித்த வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றாது.

இரண்டாவது, இடம். பாத்திரத்தில் வளரும் நியூரானின் மேல் மருந்தை நேரடியாக ஊற்றலாம். விழுங்கிய மாத்திரை குடல், கல்லீரல், ரத்தம், மூளைக்கு முன்னால் நிற்கும் தடுப்பு எல்லாவற்றையும் தாண்டி, சேதம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. 21ஆம் குரோமோசோமில் இருப்பது எஸ்.ஓ.டி. மட்டுமல்ல, 200க்கும் மேற்பட்ட ஜீன்கள். எல்லாமே மூன்று பிரதிகள். ஒரு வாத்தியத்தைச் சுருதி சேர்ப்பதால் கச்சேரி சரியாகிவிடாது.

நான்காவது காரணம் எல்லோருக்கும் பொருந்தும். ஃப்ரீ ராடிக்கல்கள் முழுக்க முழுக்க எதிரிகள் அல்ல. நோய்க்கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் பயன்படுத்தும் ஆயுதம் அவைதான். செல்கள் தமக்குள் தகவல் அனுப்பவும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. அவற்றை ஒரேயடியாகத் துடைத்தெறிய முயல்வது புத்திசாலித்தனம் அல்ல என்பதற்கு 1994இல் ஃபின்லாந்து ஒரு அதிர்ச்சியான சாட்சியம் தந்தது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி-ஆக்ஸிடென்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகரித்தது.

இரும்பு இருக்கும் உடம்பு

தலசீமியாவில் ஆபத்து இன்னும் கண்கூடானது. சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளிச் சமூகங்களில் அதிகம் காணப்பட்டாலும் இந்தியாவின் எந்தப் பகுதியும் இதற்கு விலக்கல்ல. ஹீமோகுளோபினைச் சரியாகத் தயாரிக்க முடியாத இந்தக் குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. மனித உடல் இயல்பாக வெளியேற்றுவது நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான். மிச்சம் கல்லீரலிலும் இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிகிறது. அங்கே அது பெராக்ஸைடைச் சந்திக்கும்போது நடப்பதைத் துருப்பிடித்தல் என்று சொல்வது வெறும் உவமை அல்ல.

இந்தக் குழந்தைக்கு நல்லதென்று நினைத்து வைட்டமின் சி மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும்? வைட்டமின் சி பிரசித்தி பெற்ற ஆன்டி-ஆக்ஸிடென்ட். ஆனால் தேங்கிய இரும்புக்குப் பக்கத்தில் அது கட்சி மாறிவிடுகிறது. கிடங்கில் பூட்டி வைத்திருக்கும் இரும்பை வெளியே இழுத்து, ராடிக்கல் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. இரும்பு தேங்கிய நோயாளிகளுக்கு அதிக அளவு வைட்டமின் சி கொடுத்தபோது இதயம் பலவீனமடைந்ததை 1980களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதனால்தான் இரும்பை அகற்றும் டெஸ்ஃபெராக்ஸமின் ஊசி மருந்து தொடங்கி நிலைபெற்ற பிறகே, அதுவும் குறைந்த அளவிலேயே, வைட்டமின் சி தரலாம் என்பது சிகிச்சை விதி.

உண்மையான ஆன்டி-ஆக்ஸிடென்ட் சிகிச்சை இங்கே இரும்பை வெளியேற்றுவதுதான். கூரை ஒழுகும்போது கீழே பாத்திரம் வைப்பதைவிட ஓட்டை மாற்றுவது மேல். டெஸ்ஃபெராக்ஸமினை வாரத்தில் ஐந்து இரவுகளுக்கு மேல், எட்டு முதல் 12 மணி நேரம், சிறு பம்ப் மூலம் தோலுக்கடியில் செலுத்த வேண்டும். குழந்தைகள் அழுதார்கள். பல குடும்பங்களுக்கு விலை கட்டவில்லை. டெஃபெரிப்ரோன் என்ற விழுங்கும் மருந்து 1990களின் நடுவில் உலகிலேயே முதலில் அனுமதி பெற்றது இந்தியாவில்தான். வெள்ளை அணுக்கள் திடீரெனக் குறையக்கூடும் என்பதால் அதைச் சாப்பிடுபவர்களின் ரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டியிருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெஃபெராசிராக்ஸ், நாளுக்கு ஒரு வேளை என்ற வசதியைக் கொண்டுவந்தது. தலசீமியா குழந்தைகள் இன்று பெரியவர்களாகி வேலைக்குப் போய்க் கல்யாணமும் செய்துகொள்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் பாதுகாப்பான ரத்தமும் இந்த மருந்துகளும்தான். வைட்டமின் ஈ கொடுத்த சிறிய ஆய்வுகளில் ரத்தத்தின் ரசாயன அளவுகள் மேம்பட்டன. ரத்தம் ஏற்றும் தேவை குறைந்ததாக நிறுவப்படவில்லை.

ஜி-6-பி-டி என்ற என்ஸைம் குறைவாக உள்ள குழந்தைகளின் பாடு இன்னும் நூதனமானது. சிவப்பணுக்களின் ஆன்டி-ஆக்ஸிடென்ட் கையிருப்பைப் புதுப்பித்துக்கொடுப்பது இந்த என்ஸைம்தான். அது குறைந்தால் சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. ப்ரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரையோ, துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையோ போதும், சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைந்துவிடும். அதிக அளவு வைட்டமின் சி-யை ஊசி மூலம் செலுத்துவதும் இதே விளைவை ஏற்படுத்தும். வீட்டில் சாப்பிடும் நெல்லிக்காய்க்கும் எலுமிச்சைக்கும் இந்தப் பயம் தேவையில்லை. மருந்தின் அளவில் போகும்போதுதான் வைட்டமினும் மருந்தாகிறது, அதற்கேற்ற பக்கவிளைவுகளோடு.

வைட்டமினே உயிர் காத்த இடம்

அப்படியானால் ஆன்டி-ஆக்ஸிடென்ட் என்பதே ஏமாற்று வேலையா? இல்லை. சில அபூர்வ நோய்களில் அது அப்பட்டமாக வேலை செய்கிறது. கல்லீரலிலிருந்து வைட்டமின் ஈ-யை ரத்தத்துக்கு அனுப்பும் புரதம் ஒன்று உண்டு. அதன் ஜீனில் கோளாறு இருந்தால் குழந்தை என்ன சாப்பிட்டாலும் நரம்புகளுக்கு வைட்டமின் ஈ போய்ச் சேராது. வளரும் வயதில் நடை தள்ளாடும், பேச்சு குழறும். 1995இல் இந்த ஜீன் அடையாளம் காணப்பட்டது. அதிக அளவு வைட்டமின் ஈ-யை ஆயுள் முழுதும் கொடுத்தால் நோய் நின்றுவிடுகிறது. அறிகுறிகள் தோன்றும் முன்பே தொடங்கினால் வராமலே தடுக்கலாம். கொழுப்பை உறிஞ்ச முடியாத ஏபீட்டாலிப்போபுரோட்டினீமியா என்ற பிறவி நோயிலும் வைட்டமின் ஈ நரம்புகளைக் காக்கிறது.

வித்தியாசம் இங்கேதான். இந்தக் குழந்தைகளிடம் வைட்டமின் நிஜமாகவே இல்லை. இல்லாததைக் கொடுத்ததும் பலன் தெரிகிறது. டவுன் சிண்ட்ரோம் குழந்தையிடம் இருப்பது பற்றாக்குறை அல்ல, சமன்குலைவு.

சிக்கிள் செல் நோயில் ஒரு நடுவழி தெரிகிறது. எல்-குளூட்டமின் என்ற அமினோ அமிலம் சிவப்பணுக்களின் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்கும் என்ற அடிப்படையில் 230 பேரிடம் சோதிக்கப்பட்டது. 48 வாரங்களில் தாங்க முடியாத வலி தாக்கும் தருணங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைக் கொடுக்க அமெரிக்கா 2017இல் அனுமதித்தது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு இந்தச் சான்று போதவில்லை. இந்தியாவில் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பட்ட தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம், 7 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை என்ற இலக்கை வைத்தது. சிகிச்சையில் முதலிடம் இன்னமும் ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய, மலிவான மாத்திரைக்குத்தான்.

ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற நரம்பு நோயும் பாடம் சொல்கிறது. ஐடிபெனோன் என்ற ஆன்டி-ஆக்ஸிடென்ட் ஆரம்பத்தில் ஆசை காட்டி, பெரிய ஆய்வுகளில் கைவிட்டது. வெளியிலிருந்து ஆன்டி-ஆக்ஸிடென்ட் கொடுப்பதற்குப் பதில், செல்லின் சொந்தக் காவல்படையைத் தட்டி எழுப்பும் ஓமாவெலோக்ஸலோன் என்ற மருந்து 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த கட்ட ஆராய்ச்சியின் திசைகளில் ஒன்று இது.

லேபிளைப் படியுங்கள்

கடையில் விற்கும் சத்துப் பொருட்கள் இந்தியாவில் மருந்துச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் கொண்டுவந்த விதிகளின் கீழ் அவை உணவு. மருந்தைப் போல நோயைக் குணப்படுத்துவதாக நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையும் இல்லை. மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்று லேபிளில் அச்சிட வேண்டும் என்பது விதி. புட்டியின் முன்பக்கத்தில் மூளையின் படமும் பின்பக்கத்தில் இந்த வாசகமும் இருந்தால் எதை நம்புவது என்று யோசிக்க வேண்டும்.

அளவு மீறினால் விளைவுகளும் உண்டு. கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போய்க் கல்லீரலைப் பாதிக்கும், குழந்தையின் மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். துத்தநாகம் அதிகமானால் செம்புச் சத்து குறைந்து ரத்தசோகை வரும். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளியே குறைவு. முடி கொட்டும், நகம் உடையும். மூன்று புட்டிகளிலும் ஒரே வைட்டமின் இருப்பதைக் கவனிக்காமல் மூன்றையும் கொடுத்துவிடுவது எளிது.

எனவே எழுதித் தரும் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். என் குழந்தையின் ரத்தத்தில் இந்தச் சத்து குறைவாக இருப்பது சோதனையில் தெரிந்ததா? என் குழந்தைக்குள்ள அதே நோய் கொண்ட குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டதா? அந்தச் சோதனையில் முன்னேறியது ரத்தத்தின் ஓர் அளவா, குழந்தையின் நடையும் பேச்சுமா? எத்தனை மாதங்களில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

பணம் போக வேண்டிய இடம்

இதில் உண்மையான இழப்பு எது? மாத்திரைக்குப் போகும் பணமும் கவனமும் வேறு இடத்துக்குப் போகாமல் நின்றுவிடுவதுதான். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். பிறந்த சில நாட்களில் எடுக்கும் எக்கோ பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். உரிய காலத்தில் அறுவை சிகிச்சை செய்தால் குழந்தை பிழைக்கும், தாமதித்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சீர்செய்ய முடியாத நிலைக்குப் போய்விடும். தைராய்டு சுரப்புக் குறைவு இவர்களிடம் அதிகம். கண்டுபிடிக்காவிட்டால் இருக்கிற அறிவுத்திறனும் மங்கும். கண்டுபிடித்தால் மலிவான மாத்திரை ஒன்று போதும். காதில் நீர் கோத்துச் செவி மந்தமானால் பேச்சு வராது. அதைச் சிண்ட்ரோமின் தலையில் கட்டிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி, தசைகளுக்குப் பயிற்சி, நாக்குக்கும் உதட்டுக்கும் பேச்சுப் பயிற்சி என்று செய்ய வேண்டியவற்றின் பட்டியல் நீளமானது. எதிலும் மர்மம் இல்லை.

அமெரிக்காவில் 1983இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள். இப்போது சுமார் 60. இந்த 35 ஆண்டுகளைக் கூட்டியது வைட்டமின் அல்ல. இதய அறுவை சிகிச்சையும், விடுதிகளில் ஒதுக்கி வைப்பதைக் கைவிட்டு வீட்டில் வளர்த்ததும்தான்.

இந்தியாவிலும் வழிகள் இருக்கின்றன, தெரிந்தவர்கள்தான் குறைவு. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில், பிறப்பிலிருந்து 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் பிறவி இதயக் கோளாறும் உண்டு. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பயிற்சி இலவசம். செகந்தராபாத்தில் உள்ள அறிவுத்திறன் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் பெற்றோருக்கு வீட்டிலேயே பயிற்சி தரக் கற்றுக்கொடுக்கிறது. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. தலசீமியாவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனமாக அங்கீகரித்துள்ளது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டத்தைக் கோல் இந்தியா நிறுவனம் 2017இல் தொடங்கியது. கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ செய்யும் ஓர் எளிய ரத்தப் பரிசோதனை, கணவன் மனைவி இருவரும் தலசீமியா ஜீனைச் சுமப்பவர்களா என்று சொல்லிவிடும். இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. கருவிலேயே தலையிட முடியுமா, மைட்டோகாண்ட்ரியாவுக்கு நேரே மருந்தை அனுப்ப முடியுமா, கூடுதல் குரோமோசோமையே மௌனமாக்க முடியுமா என்று ஆய்வுக்கூடங்களில் கேள்விகள் ஓடுகின்றன. ஒருநாள் விடை கிடைக்கலாம். அதுவரை குழந்தைக்குத் தேவை மூன்று வேளைச் சாப்பாடு, தட்டில் கீரையும் பழமும், மருத்துவர் நாள் குறித்துச் செய்யும் இதய, தைராய்டு, செவிப் பரிசோதனைகள், தினமும் ஒரு மணி நேரமாவது எதிரே உட்கார்ந்து பேசி விளையாடும் ஒரு ஆள். இந்தப் பட்டியலில் எதுவும் புட்டியில் கிடைப்பதில்லை.